முதுகு குற்றாலத்துக்கு, முகம் திருச்செந்தூருக்கு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், டிஷ்ஷை நானே நட்டு, நானே திருப்பி, படம் வரவைத்தேன். இப்போது கார்த்திகை. ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் போன பிறகும் அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன். நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது சொந்தமாக டிஷ் வைக்க நினைத்தால், எனக்கு ஒரு பகல் முழுக்க வீணாய்ப்போன மாதிரி அவர்களுக்குப் போகக் கூடாது.

வீடு முக்கூடல் பக்கம். அம்மா இன்னும் பீடி சுற்றுகிறாள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம், கை சும்மா இருந்தால் உடம்புக்கு ஆகாது என்பாள். சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தால் கண் இலையிலும் தூளிலும் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் டிவி. மாதாமாதம் பணம் கட்டும் டிஷ் ஒன்று வீட்டில் இருந்தது, ரீசார்ஜ் தேதி முடிந்து நின்றுபோனால் அம்மா போனில் சொல்ல மாட்டாள், நானாகக் கேட்டால்தான் "அது நின்னு நாலு நாளாச்சிட்டி, கெடக்கட்டும்" என்பாள். இந்த "கெடக்கட்டும்" எனக்குத் தாங்கவில்லை. மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அது தூர்தர்ஷனின் இலவச சேவை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள் வருகின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான தனியார் தமிழ் சேனல்கள் இதில் வராது. இரவு எட்டு மணி சீரியல் இல்லாமல் முடியாது என்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது. எங்கள் அம்மாவுக்கு டிடி தமிழ் செய்தியும், பழைய பாட்டும், பேச்சுக்குரலும் போதும். அதோடு ஆகாசவாணியின் வானொலி நிலையங்கள் பலவும் இதே பாக்ஸில் வருகின்றன, டிவித் திரையைப் பார்க்கவே வேண்டாம், ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்!

பழைய டிஷ் தட்டு மாடியில் அப்படியே இருந்தது. பலருக்குத் தெரியாத விஷயம், தட்டு எந்தக் கம்பெனிக்காரர் கொடுத்ததாக இருந்தாலும் தட்டுதான். அதில் எழுதியிருக்கிற பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. லேசான துரு பிடித்திருந்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், ஆனால் வளைந்திருக்கக் கூடாது. வளைவு இருக்கிறதா என்று பார்க்க நான் அம்மாவின் பீடி நூலையே எடுத்துக்கொண்டேன். தட்டின் விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு நூல், இடமிருந்து வலமாக ஒரு நூல், இரண்டையும் விறைப்பாக இழுத்துக் கட்டினால் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போக வேண்டும். இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம். எங்களுடையது தொட்டுக்கொண்டது. எல்என்பி, அதாவது தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று அலையை வாங்கும் சின்னக் கருவி, அது மட்டும் மூடி வெடித்து உள்ளே தண்ணீர் போயிருந்தது, அதைப் புதிதாக வாங்கினேன். பாக்ஸ், எல்என்பி, 15 மீட்டர் ஒயர், பின்கள், சிமெண்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 ரூபாய் ஆனது.

நடுவதற்கு இடம் பார்ப்பதில்தான் முதல் வாக்குவாதம். எதிர்வீட்டு அண்ணாச்சி, தரையிலேயே துளை போட்டு போல்ட் இறக்கிவிடலாம் என்றார். எங்கள் மாடி தட்டை ஓடு பதித்த மாடி. ஒரு துளை போட்டாலும் ஐப்பசியில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி கீழே அடுக்களைச் சுவர் பொரிந்துவிடும், நாலு போல்ட்டுக்காக மாடியைக் கெடுத்துக்கொண்ட வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து, நடுவில் ஜிஐ பைப்பை (துருப் பிடிக்காமல் பூச்சுப் போட்ட இரும்புக் குழாய்) நிறுத்தி, ஜல்லியும் மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பினேன். இறுகிய பிறகு ஐம்பது கிலோவுக்குப் பக்கத்தில் எடை வரும். கைப்பிடிச் சுவர் மூலையில் வைத்துச் சுற்றிச் செங்கல் அடுக்கிவிட்டால் அசைக்க முடியாது.

இந்தக் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள், பாதி வேலை இதுதான். குழாய் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் போட்டிருக்கிற டிகிரி அளவுகள் எல்லாமே பொய்யாகிவிடும், அப்புறம் நீங்கள் திருப்பத் திருப்ப அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சிமெண்டை வேறு இடத்தில் போட்டுக் காயவைத்து பிறகு தூக்கிக்கொண்டு வந்து வைக்கவும் கூடாது. மாடித் தரைக்குத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள், அந்த வாட்டம் குழாயையும் சாய்த்துவிடும். எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்துச் சிமெண்டைப் போட்டு, ஈரமாக இருக்கும்போதே தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் இருந்தால் அதை வாங்கிக் குழாயோடு ஒட்டி வைத்தும் பார்க்கலாம். நான் போகிக்கு முந்தின நாள் சிமெண்ட் போட்டேன், மாட்டுப் பொங்கல் வரை தண்ணீர் ஊற்றிக் காயவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் தட்டை மாட்டினேன். அன்றைக்கு முழுக்கப் படம் வரவில்லை.

நான் செய்தது, போனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு அதில் சொன்னபடியே செய்தது. இந்தி வீடியோ, நன்றாகத்தான் விளக்கினார். தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திருப்பு, சாய்வு 52 டிகிரிக்குப் பக்கத்தில் வை, எல்என்பியை ஐந்து மணி மாதிரி திருப்பு என்றார். செய்தேன். கீழே அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு, திரையில் வரும் சிக்னல் நம்பரைச் சொன்னாள். "சைபர்தாம்ட்டி... சைபர்... இப்பவும் சைபர்தான். வெயில் ஏறிட்டு, கீழ எறங்கு, சோறு ஆறுது." மத்தியானம் வரை சைபர்தான். சாயங்காலமும் அதேதான்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. அந்த மனிதர் டெல்லிப் பக்கத்து மாடியில் நின்று சொல்கிறார். அவர் சொன்னது அவர் மாடிக்குச் சரி, நம் மாடிக்குச் சரியில்லை.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏற்றினார்கள். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றுகிற வேகத்துக்கே சுற்றிக்கொண்டிருப்பதால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்தால் அது சுமத்ராவுக்கு மேற்கே நடுக்கடலில் வரும். டெல்லிக்காரருக்கு அந்தப் புள்ளி 3,600 கிலோமீட்டர் தள்ளி, முக்கால்வாசி தெற்கே. நமக்கோ 2,000 கிலோமீட்டர்தான், அதுவும் தெற்கைவிட கிழக்கே அதிகம். நாம் இருப்பது 8.7 டிகிரி அட்சரேகை, நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம். ஆக நம் ஊரிலிருந்து பார்த்தால் அந்தக் கோள் தெற்கே தாழ்வாக இல்லை, கிழக்கே சரிந்து கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கிலிருந்து வலச்சுற்றாக 118 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து 28 டிகிரி தெற்கே. உயரம், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய சாய்வு, 69 டிகிரி. இந்த 118-ஐ வரைபடத்தில் திருநெல்வேலியிலிருந்து கோடாக இழுத்துப் பார்த்தபோது மேல் சிலிர்த்துவிட்டது, கோடு நேரே திருச்செந்தூருக்குப் போகிறது. அதே கோட்டைப் பின்னால் நீட்டினால் குற்றாலம். இதற்கு மேல் காம்பஸ் எதற்கு? நெல்லையில் நிற்கிறவர்கள் குற்றாலத்துக்கு முதுகைக் காட்டி திருச்செந்தூரைப் பார்த்து நின்றால் ஜிசாட்-15 நேர் முன்னால் உச்சியில் இருக்கிறது. முக்கூடலிலிருந்து ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வரும், அதைக் கையால் சரிசெய்துகொள்ளலாம். போனில் இருக்கிற காம்பஸை இரும்புக் குழாய் பக்கத்தில் கொண்டுபோனால் அது தாறுமாறாகக் காட்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கண்டேன், குழாயிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ஓட்டு மேல் ஏறி ஏரியலைத் திருப்புவார்கள். கொடைக்கானல் டிவி டவருக்கு என்றால் வடக்கே, இலங்கை டிவியான ரூபவாஹினிக்கு என்றால் கிழக்கும் தெற்குமாக. அந்த ரூபவாஹினித் திசையும் கிட்டத்தட்ட இதே திசைதான். அப்பா நின்ற பக்கமே நானும் நிற்கிறேன் என்று தோன்றியபோது ராத்திரி ஒன்றரை மணி. அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் ஏறினேன். முதலில் உயரம். டிஷ்ஷின் பின்னால் இருக்கும் அளவில் 69-க்கு வைத்தேன். அளவு அழிந்துபோயிருந்தால் போனில் சாய்வுமானி போட்டுத் தட்டின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரு நேர்க்கட்டையை வைத்து அதன்மேல் அளக்கலாம். ஆனால் அங்கே 69 வராது. நம் வீட்டு டிஷ்கள் நிமிர்ந்து நின்றாலே 25 டிகிரி வாக்கில் மேலே பார்க்கிற மாதிரி செய்யப்பட்டவை, எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது அதனால்தான். ஆக 69-ல் 25 போக, தட்டு செங்குத்திலிருந்து 44 டிகிரி மல்லாந்திருந்தால் சரி. முதல்தடவை பார்க்கிறவர்களுக்கு இது ரொம்ப மல்லாந்த மாதிரித் தெரியும். பயப்பட வேண்டாம், நம் ஊரில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மரம் மறைக்குமே என்று அண்ணாச்சி கேட்டார். இவ்வளவு உயரப் பார்வை இருப்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. பத்தடி தள்ளி நிற்கும் தென்னை, டிஷ்ஷைவிட 26 அடி உயரமாக இருந்தால்தான் குறுக்கே வரும். இருபதடி தள்ளி என்றால் 52 அடி. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைக்காமல் இருந்தாலே முக்கால்வாசி வீடுகளில் பிரச்சனை இல்லை.

அடுத்தது எல்என்பியின் முறுக்கு. அன்றைக்கு முழுக்க என்னைச் சுற்றவிட்டதில் பெரும்பங்கு இதுதான், வீடியோக்களில் இதைத்தான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கோளிலிருந்து வரும் அலைகளில் ஒரு கூட்டம் பூமியின் வடக்கு தெற்கு வாக்கில் அதிரும், இன்னொன்று கிழக்கு மேற்கு வாக்கில். எல்என்பி அந்த வாக்குக்கு ஒத்துத் திரும்பியிருந்தால்தான் இரண்டையும் பிரித்து எடுக்கும். தெற்கைப் பார்த்து நிற்கிறவனுக்கு வடக்கு தெற்குக் கோடு நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். கிழக்கைப் பார்த்து நிற்கிறவனுக்கு வடக்கு இடதுகைப் பக்கம் அல்லவா? அந்தக் கோடு அவனுக்குப் படுத்துக்கொண்டுதானே இருக்கும்? டெல்லிக்காரர் கிட்டத்தட்ட தெற்கைப் பார்க்கிறார், அவருக்கு 27 டிகிரி முறுக்கினால் போதும். நாம் கிட்டத்தட்ட கிழக்கைப் பார்க்கிறோம், நமக்கு 60 டிகிரி வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்என்பியில் ஒயர் மாட்டும் முனை நேர் கீழே இருப்பதை ஆறு மணி என்று வைத்துக்கொண்டால், அவருக்கு ஐந்து மணி, நமக்கு நாலு மணி. முன்னால் வந்து நின்று பார்த்தால் அதுவே எட்டு மணியாகத் தெரியும். எந்தப் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாலு மணிக்குத் திருப்பி, பிடிப்பை லேசாக இறுக்கி, "அம்மா, இப்ப பாருங்க" என்றேன். டிஷ்ஷைத் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விரல்கடை இடதும் வலதுமாக, ஒவ்வொரு அசைவுக்கும் ஐந்து விநாடி நிறுத்தி நிறுத்தி நகர்த்தினேன். இந்த ஐந்து விநாடி ரொம்ப முக்கியம். பழைய ஏரியலில் திருப்பத் திருப்பப் புள்ளிப் புள்ளியாகப் படம் தெளிந்துகொண்டே வரும். இதில் அப்படி இல்லை, சரியான இடம் வரும்வரை ஒன்றுமே இருக்காது, வந்தால் ஒரேயடியாக வரும், பாக்ஸ் அதைப் பிடித்துக் காட்டக் கொஞ்சம் நேரமும் எடுக்கும். சரசரவென்று திருப்பினால் வந்த இடத்தையும் தாண்டிப் போய்விடுவோம்.

"ஏட்டி... முப்பத்தஞ்சி. நாப்பது. நில்லு நில்லு, அசையாத! அறுவத்தி ரெண்டு! வந்துட்டு! வந்துட்டுட்டி!"

பீடியை இருபத்தைந்து இருபத்தைந்தாக ஆயுசு முழுக்க எண்ணின குரல் அது. அந்த அறுபத்திரண்டை நான் மறக்க மாட்டேன்.

அம்மாவை எந்தக் கோட்டைப் பார்க்கச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாக்ஸில் இரண்டு கோடு வரும், ஒன்று ஸ்ட்ரென்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரென்த்தை நம்ப வேண்டாம். எல்என்பிக்குக் கரண்ட் போய் அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்லாது, டிஷ் சுவரைப் பார்த்து நின்றாலும் எண்பது காட்டும். முதல் நாள் அம்மா குவாலிட்டியைச் சைபர் என்று சொல்லியும், ஸ்ட்ரென்த்தின் அந்த எண்பதைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்து வெயிலில் நின்றேன். பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டும். பாக்ஸ் அமைப்பில் எல்என்பி அளவு 9750, 10600 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அறுபத்திரண்டு வந்த பிறகு மேலும் கீழுமாக அரை டிகிரி அசைத்ததில் எழுபத்தைந்துக்கு ஏறியது, எல்என்பியை ஒரு நூல் திருப்பியதில் எண்பத்தொன்று. இங்கேயும் நம் ஊருக்கென்று ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோள் உச்சியில் இருப்பதால், குழாயைச் சுற்றி இடம் வலமாகப் பத்து டிகிரி திருப்பினாலும் வானத்தில் மூன்றரை டிகிரிதான் நகரும். மேலும் கீழும் அப்படி இல்லை, ஒரு டிகிரி என்றால் முழுசாக ஒரு டிகிரி, கோள் இருக்கிற தூரத்தில் அது 600 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே உயரத்தைத்தான் பொன் நிறுக்கிற மாதிரி வைக்க வேண்டும், இடம் வலம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நட்டுகளை இறுக்கும்போதும் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போதே தட்டு நகரும். கீழே ஒருவர் கடைசி வரை நம்பர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

ஒயர் விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது. ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்குங்கள், கடையில் பழைய கேபிள் டிவி மெல்லிசு ஒயரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முனையைச் சீவும்போது வெளி வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும், அந்த ஒயரில்தான் பாக்ஸிலிருந்து எல்என்பிக்கு 13, 18 வோல்ட் மின்சாரமும் போகிறது. அதனால் பின் மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்ஸை சுவிட்சில் நிறுத்திவிடுங்கள். ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்துக்கு முன்னால் தொய்வாக ஒரு வளையம் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வராது. எல்என்பி முனையில் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டேன். உவரி, திருச்செந்தூர் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் நட்டு போல்ட்டுக்கெல்லாம் கிரீஸ் தடவிவிட வேண்டும், உப்புக்காற்று ஒரு வருஷத்தில் ஸ்பேனர் பிடிக்க முடியாமல் ஆக்கிவிடும்.

தெருவில் கரண்ட் கம்பி மாடியை ஒட்டிப் போகிற வீடுகள் நம் ஊர்களில் நிறைய. அந்தப் பக்கம் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். அந்த மூலைதான் வசதி என்றாலும் வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் தனியாக ஏறவும் வேண்டாம். இடி இடிக்கும்போது பாக்ஸிலிருந்து ஒயரையும் பிளக்கையும் பிடுங்கிவிடச் சொல்லி அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

பணம் கட்டும் டிஷ்காரர்களுக்கும் வேலை இதேதான், கோள் மட்டும் வேறு. நம் ஊரிலிருந்து டாட்டா ப்ளேயின் கோள் நிற்கும் 83 டிகிரி தீர்க்கரேகைக்கு திசை 149, உயரம் 78, அந்த டிஷ்கள் அரிசி களைய வைத்த சட்டி மாதிரி மல்லாந்து கிடப்பது அதனால்தான். டி2எச்சின் 88-க்கு திசை 130, உயரம் 74. டிஷ் டிவியின் 95 நம்முடையதற்கு வெகு பக்கம், திசை 116, உயரம் 67.

பங்குனி மூணாம் தேதி வாக்கில் அம்மா போன் செய்தாள். பதினோரு மணிக்கு மேல் படம் நின்றுபோய் ஐந்தாறு நிமிஷத்தில் தானாக வந்துவிட்டதாம், நேற்றும் அப்படித்தானாம். அது பழுதில்லை. பங்குனி தொடக்கத்தில் சில நாளும் புரட்டாசி பத்தாம் தேதியை ஒட்டிச் சில நாளும், காலை பதினோரு மணி சுமாருக்கு, சூரியன் நேராக இந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் கோளின் மெல்லிய குரல் கேட்காமல் போய்விடும், சூரியன் நகர்ந்ததும் சரியாகிவிடும். புதிதாக டிஷ் வைக்கிறவர்கள் இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். அந்த நாட்களில் அந்த நேரத்துக்கு மாடியில் எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ அந்த இடத்துக்குக் கோளும் தெரியும், நிழல் விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆடிக் காற்றுக்குத்தான் நான் பயந்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வருகிற மேல்காற்று நம் டிஷ்ஷுக்கு நேர் முதுகில் அடிக்கும், குற்றாலத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறதே. சித்திரையில் போனபோது நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஆடி கழிந்து போய்ப் பார்த்தேன், கோடு உடையவில்லை, குவாலிட்டி எழுபத்தொன்பது.

ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து, திருச்செந்தூர்ப் பக்கமிருந்து ஏறி வரும், அதாவது முகத்துக்கு நேரே. இந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கும், அது எந்தக் கம்பெனி டிஷ்ஷாக இருந்தாலும் தப்ப முடியாது. ஆனால் நமக்குக் கோள் உச்சியில் இருப்பதால் அலை மழைக்குள் கடந்து வருகிற தூரம் குறைவு. கொட்டோ கொட்டென்று கொட்டிய இரண்டு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நின்றதாம், மற்றபடி தூறலுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி போன் செய்தார். அவர் மகன் வாங்கி வைத்த டிஷ் ஆறு மாதமாகச் சைபரிலேயே நிற்கிறதாம். எல்என்பி எத்தனை மணியில் இருக்கிறது, பின்னால் நின்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, "அஞ்சு மாதிரி இருக்கு தாயி" என்றார். மார்கழி லீவுக்கு வரும்போது ஸ்பேனரோடு வருகிறேன், அதுவரை நீங்களே நாலுக்குத் திருப்பிப் பாருங்கள், கீழே நம்பர் சொல்ல எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.